நுரை நின்றால் முதலில் காற்றைப் பாருங்கள்

குழாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர் வருகிற ஊரில் இருந்துகொண்டு, வீட்டுக்குள் உப்புத் தண்ணீரைத் தேக்கி மீன் வளர்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். "ஆத்துத் தண்ணியில வளருத மீனுக்கு என்ன கொறச்சல்?" என்பது எங்கள் பெரியம்மாவின் நிரந்தரக் கேள்வி. நியாயமான கேள்விதான். நன்னீர்த் தொட்டியில் ஒரு மோட்டார் நின்றுபோனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகலாம். கடல் மீன் தொட்டியில், அதுவும் நெல்லை வெயிலில், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் நின்றுவிட்டால் விடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

என் தொட்டியில் இருந்த ஸ்கிம்மர் ஆடி மாதத்தில் முரண்டு பிடிக்கத் தொடங்கி, கடைசியில் அதை மாற்ற வேண்டியதாயிற்று. இந்த ஊரில் கடல் மீன் வளர்ப்பவர்கள் குறைவு. பக்கத்துத் தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆள் கிடைக்காது. அதனால் பார்த்ததையும் செய்ததையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நுரை வரவில்லை என்றவுடன் புது ஸ்கிம்மருக்கு விலை விசாரிக்காதீர்கள். காற்று, தண்ணீர் மட்டம், உப்பு, மோட்டார். இந்த வரிசையில் பார்த்து முடித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

ஸ்கிம்மர் என்னதான் செய்கிறது?

வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். வெல்லத்திலோ சர்க்கரையிலோ அழுக்கு இருந்தால் கொதிக்கிற பாகில் ஒரு கரண்டி பால் விடுவார்கள். அழுக்கெல்லாம் நுரையோடு சேர்ந்து மேலே வரும். கரண்டியால் வழித்து எடுத்துவிடுவார்கள். ஸ்கிம்மர் செய்வதும் ஏறக்குறைய அதேதான். மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து கரைகிற புரதங்களுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு முனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். அந்த இரண்டாவது முனைக்குப் பிடித்த இடம் காற்றுக் குமிழியின் மேல்பரப்பு. லட்சக்கணக்கில் பொடிக் குமிழிகளைத் தண்ணீருக்குள் விட்டால் புரதம் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. குறுகிய கழுத்தில் நுரையாகத் திரண்டு, உச்சியில் இருக்கிற கப்பில் பழுப்புத் தண்ணீராக விழுகிறது. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தால் போதும், இவ்வளவும் தொட்டிக்குள்ளேயா கிடந்தது என்று தோன்றும்.

குமிழி பொடியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் எல்லாம். பழைய காலத்து ஸ்கிம்மர்களில் மரத்துண்டு வழியாகக் காற்றை ஊதிக் குமிழி எடுப்பார்கள். இப்போது வருபவற்றில், மோட்டாரில் சுற்றும் இம்பெல்லரின் இதழ்களுக்குப் பதில் ஏராளமான ஊசிகள் இருக்கும். மோட்டார் தண்ணீரை இழுக்கும்போதே ஒரு சின்னத் துளை வழியாகக் காற்றும் உள்ளே உறிஞ்சப்படும். ஊசிகள் அதை அடித்துப் பொடியாக்கும். காற்றை யாரும் ஊதுவதில்லை, மோட்டாரே உறிஞ்சிக்கொள்கிறது. பின்னால் சொல்லப்போகிற கோளாறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

நம்மூருக்கு இது மூச்சு

அழுக்கு எடுப்பது ஒரு வேலை. இன்னொரு வேலையைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்களில் அவ்வளவாகப் பேசமாட்டார்கள், குளிர் ஊர்களில் அது பெரிய விஷயமில்லை. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே சூட்டில் கடல் தண்ணீரால் 6.2 மில்லிகிராம் அளவுக்குத்தான் முடியும். உப்பு கூடினாலும் குறையும், சூடு கூடினாலும் குறையும். நமக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40-ஐத் தொடும்போது, குளிரூட்டி இல்லாத தொட்டி 30-ஐத் தாண்டாமல் இருப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் தண்ணீருக்குள் காற்றைக் கலந்துகொண்டே இருப்பது ஸ்கிம்மர்தான். அது நின்றால் அழுக்கு சேர்வதற்கு முன்னால் மீனுக்கு மூச்சு முட்டும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். முதலில் ஒரு ஏர் பம்ப்பையும் ஏர் ஸ்டோனையும் போடுங்கள்.

ஒன்று: காற்று

ஸ்கிம்மர் உடம்புக்குள் வழக்கமாகப் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து, ஒன்றிரண்டு பெரிய குமிழிகள் மட்டும் போகிறதா? காற்று போகவில்லை என்று அர்த்தம். ஏர் டியூப்பின் நுனியை விரலால் மூடிப் பாருங்கள். விரலை நன்றாக உறிஞ்ச வேண்டும். மூடியதும் மோட்டார் சத்தம் மாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றால் டியூப்பைக் கழற்றி, அது மோட்டாரோடு சேருகிற முனையை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக ஒரு பொருக்கு உட்கார்ந்திருக்கும், துளை குண்டூசி நுழையும் அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கும். உள்ளே போகிற காற்றும் தெறிக்கிற உப்புத் தண்ணீரும் சந்திக்கிற இடம் அது. தண்ணீர் காய்ந்து காய்ந்து உப்பு படிகிறது.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கிற காற்றுக்கு இந்த அடைப்பு சீக்கிரம் வரும். காற்றில் ஈரம் குறைவு, தூசி அதிகம். சைலன்சர் என்று ஒரு சின்ன உருளை டியூப்பின் மறுமுனையில் இருக்கும், அதற்குள்ளும் தூசி அடைத்திருக்கும். வெந்நீரை ஒரு சிரிஞ்சில் எடுத்து ஏர் டியூப் வழியாக மெதுவாக ஏற்றினால் உப்பு கரைந்துவிடும். மோட்டாரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். உப்பு கரைந்த பிறகும் வழவழப்பில்லாமல் சொரசொரப்பாக இருந்தால் அது சுண்ணாம்பு. வெந்நீருக்கு மசியாது, அமிலம் வேண்டும். வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து ஊறப் போடலாம். பலசரக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் இன்னும் மலிவு, வாடையும் கிடையாது. ஊறியதும் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள்.

இரண்டு: தண்ணீர் மட்டம்

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, தொட்டிக்குக் கீழே ஸ்கிம்மர் நிற்கும் சம்ப்பில் இருக்கிற தண்ணீர் பறந்துவிடும். தொட்டி மேல்மட்டத்தில் அப்படியே இருப்பதாகத் தோன்றும். ஆவியாகிற இழப்பு முழுக்கக் கீழே பெட்டிக்குள் இருக்கும் சம்ப்பில்தான் தெரியும். சூட்டைக் குறைக்க ஃபேன் வேறு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் எவ்வளவு ஆழத்துத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று தயாரித்தவர்கள் ஒரு அளவு சொல்லியிருப்பார்கள், பெரும்பாலும் 18 முதல் 23 செ.மீ.க்குள் இருக்கும். மட்டம் இறங்கினால் நுரை கழுத்துக்கு எட்டாது. ஏறினால் நுரை ஆவதற்குள் வெறும் தண்ணீராகக் கப்பில் கொட்டும்.

சம்ப்பின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஸ்கிம்மர் நிற்கும் அறைக்குத் தடுப்பு வைத்து, தண்ணீர் அதன் மேல் வழிந்து அடுத்த அறைக்குப் போகும்படி செய்தால் மட்டம் மாறவே மாறாது, ஏற்ற இறக்கமெல்லாம் கடைசி அறைக்குப் போய்விடும். ஆவியான இடத்தை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு அங்கேயே கிடக்கிறது. இந்த விஷயத்தில் நமக்கு ஆறு கைகொடுக்கிறது. தாமிரபரணித் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் குறைவு. குளோரினை மட்டும் நீக்கிக்கொண்டால் அவசரத்துக்கு விடலாம். வீட்டு போர்த் தண்ணீரை மட்டும் எப்போதும் விடாதீர்கள்.

மூன்று: உப்பும் எண்ணெயும்

நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்பு சேர்ந்த தண்ணீரில் அப்படிச் சேராமல் பொடியாகவே நிற்கும். நன்னீர்த் தொட்டியில் ஸ்கிம்மர் வேலைக்கு ஆகாததற்கு இதுதான் காரணம். ஆகவே உப்பு குறைந்தால் நுரையும் குறையும். ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்ட வேண்டும், ஹைட்ரோமீட்டர் என்றால் 1.025, 1.026.

உப்புப் பாக்கெட் வாங்கிக் கலக்கிறவர்களுக்கு இதில் சிக்கல் குறைவு. உவரியிலோ மணப்பாட்டிலோ கேனில் கடல் தண்ணீர் பிடித்து வருகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகிப் புன்னக்காயலில் கடலில் விழும்போது அந்தக் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்து சேறு கலந்திருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டி, ஆறு கரை புரண்டு ஓடிய பிறகு கடலோரத்தில் தண்ணீர் பிடிக்க நினைத்தவர்களுக்கு அது புரிந்திருக்கும். பிடித்து வந்த தண்ணீரை எந்தக் காலத்திலும் அளந்து பார்த்துவிட்டே விடுங்கள்.

எண்ணெய் இன்னொரு எதிரி. எண்ணெய்ப் படலம் நுரையை உடைக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டிக்குள் கல்லை நகர்த்தினால் அடுத்த சில மணி நேரத்துக்குக் கப்பில் ஒரு சொட்டு விழாது. கொழுப்பு நிறைந்த தீனி போட்டாலும் அதே கதைதான். இதற்கு மருந்து ஒன்றும் இல்லை, விட்டுவிட்டால் தானே சரியாகும். அதற்குள் ஸ்கிம்மரில் தண்ணீர் வெளியேறும் வால்வைத் திருகித் திருகி இன்னொரு குழப்பத்தை உண்டாக்காமல் இருந்தால் சரி.

பொங்கி வழிந்தால்?

நுரை வராதது ஒரு பாடு, பொங்கித் தரையெல்லாம் வழிவது இன்னொரு பாடு. நம்மூரில் இதற்கு முதல் காரணம் மின்வெட்டு. கரண்ட் போனதும் மேல் தொட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் தண்ணீர் சம்ப்பில் இறங்கி மட்டம் ஏறிவிடும். கரண்ட் வந்த வினாடியே ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் ஓடத் தொடங்கி, கப்பை நிரப்பித் தரையில் கொட்டும். தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் மட்டத்தைச் சரிசெய்யச் சில நிமிடம் ஆகும். அதுவரை ஸ்கிம்மர் காத்திருந்தால் போதும். ஃப்ரிட்ஜுக்கு மாட்டுகிற மாதிரித் தாமதித்துத் திறக்கும் டைமர் ஒன்றை ஸ்கிம்மர் பிளக்கில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது காரணம், குளோரின் நீக்கும் சில மருந்துகள். மீனின் மேல்தோலுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கொழகொழப்பான பொருள்களைச் சேர்த்த வகைகளை விட்டால் ஸ்கிம்மர் வெறி பிடித்தது போல நுரைக்கும். கல் ஒட்டுகிற எபாக்ஸியும் இதைச் செய்யும். இவை எதுவும் இல்லாமல், நீங்கள் எதையும் தொடாமல், கப் திடீரென்று நிரம்பினால் மீனை எண்ணுங்கள். கல்லுக்குப் பின்னால் ஒன்று செத்துக் கிடக்கலாம்.

நான்கு: மோட்டார்

என் ஸ்கிம்மரில் காற்றுத் துளை சுத்தம், மட்டம் சரி, உப்பு சரி. ஆனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகியது. உடம்பைத் தட்டினால் கிளம்பும். இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் ஷாஃப்ட்டில் தேய்மானம் இல்லை. ஆனால் காந்த உருளையின் மேல் பூச்சில் மயிரிழை போல ஒரு கீறல். கீறலைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கசிவு. காந்தம் இருக்கும் பொந்தின் உள்சுவரில் உரசின வட்டத் தடம்.

காயிலும் போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் டவுனில் மோட்டார் வைண்டிங் பண்ணும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

"இதுல என்னத்தக் கட்ட? மொத்தமா ரெசின் ஊத்தி அடைச்சிருக்காம்லா. பிரிச்சா ஒடஞ்சுதான் வரும். மீட்டர் வச்சுப் பாத்தாச்சு, காயில் நல்லாத்தான் இருக்கு. ஒங்க காந்தம்தான் வீங்கிருக்கு" என்றார்.

"காந்தம் வீங்குமா அண்ணாச்சி?"

"உப்புத்தண்ணியில இரும்புக்கேட்டே வீங்கி வெடிக்கி. காந்தம் என்ன, சாமியா?"

அவர் சொன்னது அப்படியே சரி. பூச்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் காந்தம் துருப்பிடித்துப் பருக்கும். பருத்தது சுவரில் உரசும், முதல் சுற்றுக்கு வேண்டிய சக்தி மோட்டாரிடம் இருக்காது. உரசலைத் தேய்த்துச் சரிசெய்து ஓட்டலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். துரு தொட்டித் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கும், பூச்சு இல்லாத காந்தம் நாளுக்கு நாள் கரையும். அத்தோடு விட்டால் இம்பெல்லர் மட்டும் வாங்கிப் போட்டிருப்பேன். அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், உதிரிப் பாகம் கிடையாது என்று விற்ற கடையில் கையை விரித்துவிட்டார்கள். வேறு மோட்டாரை ஒட்டுப்போட்டால் காற்றுத் துளையின் அளவு பொருந்தாது. அப்போதுதான் புது ஸ்கிம்மர் என்ற முடிவுக்கு வந்தேன்.

வாங்கும்போது

பெட்டியில் '1000 லிட்டர் வரை' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். மீன் குறைவாக இருக்கும் தொட்டிக்கான கணக்கு அது. பவளம் இல்லாமல் மீன் மட்டும் வளர்க்கிறவர்களுக்குத் தீனியும் கழிவும் அதிகம். நம்மில் பலர் அந்த வகைதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கின்றன. யாராவது தூத்துக்குடிப் பக்கமிருந்து உயிர்ப் பவளம் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீனிலும், மண்டபம், விழிஞ்ஞம் ஆய்வு மையங்களில் வெற்றிகரமாகக் குஞ்சு பொரிக்க வைத்த கோமாளி மீன் போல, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.

பிராண்டுச் சண்டைக்கும் போக வேண்டாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009-ஐ ஒட்டி ஸ்கிம்மர்களை அளந்து பார்த்து எழுதினார். தண்ணீரில் கரைந்த கரிமப் பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஸ்கிம்மரும் எடுக்கவில்லை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. மிச்சத்தைத் தண்ணீர் மாற்றி எடுக்கலாம். ஆகவே பெயரைப் பார்ப்பதைவிட வேறு சிலவற்றைப் பார்க்கலாம்: மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது, சம்ப் அறைக்குள் அடங்குமா, கப்பைத் தூக்க மேலே இடம் இருக்கிறதா, இம்பெல்லர் தனியாகக் கிடைக்கிறதா.

வெளிநாட்டில் இருக்கிற தம்பி வாங்கி வருகிறேன் என்றால் ஒரு எச்சரிக்கை. சாதாரண ஏசி மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டுச் சுற்றும். 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 சுற்று என்றால் நம் 50 ஹெர்ட்ஸில் 3000 சுற்றுதான். அமெரிக்க மோட்டாருக்கு நம் 230 வோல்ட்டும் ஆகாது. நான் இந்தத் தடவை 24 வோல்ட் டிசி மோட்டார் வைத்ததாகப் பார்த்து வாங்கினேன். மின்வெட்டில் பேட்டரியில் ஓட்டலாம் என்பதுதான் காரணம். வீட்டு இன்வெர்ட்டர் ஸைன் வேவ் வகை இல்லை என்றால் அதில் ஏசி மோட்டார்கள் இரைந்துகொண்டு சூடாகும்.

பொருத்திய பிறகு பொறுமை

புது ஸ்கிம்மரை வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு இறக்குங்கள். தயாரிப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகும். ஒயரை பிளக்குக்குக் கீழே தொங்கி ஏறும்படி விடுங்கள், அப்போதுதான் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாது. அந்த லைனில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருப்பது அவசியம்.

வால்வை முழுக்கத் திறந்து வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மூடி, கழுத்தின் அடியில் நுரை நிற்கும்படி விட்டுவிடுங்கள். முதல் சில நாள் ஒன்றும் வராது, அல்லது பச்சைத் தண்ணீராகக் கொட்டும். பொடிக் குமிழி தொட்டிக்குள் வந்து மீனெல்லாம் பனிமூட்டத்தில் நீந்தும். உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படியும் வரை இப்படித்தான் இருக்கும், ஓரிரு வாரமும் ஆகலாம். இந்தச் சமயத்தில்தான் பலரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். வால்வைத் தொட்டால் ஒரு நாள் விட்டுத்தான் மறுபடி தொட வேண்டும். எனக்குக் கழுத்தில் பழுப்பு வளையம் விழத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை கப்பையும் கழுத்தையும் கழுவுவதோடு சரி. கழுத்தில் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், விலை கூடின ஸ்கிம்மரா பேட்டரி ஏர் பம்ப்பா என்ற கேள்வியே வேண்டாம். பேட்டரி ஏர் பம்ப்பை வாங்குங்கள். 2023 வெள்ளத்தில் மின்சாரம் இல்லாமல் கிடந்த வீடுகளில் எந்தக் கம்பெனி ஸ்கிம்மரும் ஓடவில்லை. அழுக்குத் தண்ணீரில் மீன் சில நாள் தாக்குப்பிடிக்கும். மூச்சு இல்லாமல் ஒரு ராத்திரி தாங்காது. ஸ்கிம்மர் சாதாரணமானதாகவே இருக்கட்டும், ஆனிக் காற்று தொடங்குவதற்கு முன் அதன் ஏர் டியூப்பில் ஒரு சிரிஞ்ச் வெந்நீரை ஏற்றிவிடுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.